கடை எதிர்ப்புறம் மாற்றப்பட்டுள்ளது

"டிஸ்க் நிறைஞ்சு போச்சு. ஒரே ஃபோல்டர் ரெண்டு இடத்துல இருக்கு. ஒண்ணைத் தூக்கிடட்டுமா?"

பொட்டி தட்டிப் பிழைக்கிறவர்களிடம் சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் கேட்கும் கேள்விகளிலேயே ஆபத்தானது இதுதான். பிரின்டர் ஓடவில்லை, வைஃபை வரவில்லை என்பதற்கெல்லாம் தப்பான பதில் சொன்னால் ஒரு மணி நேரம் வீண், அவ்வளவுதான். இதற்கு அவசரப்பட்டு "தூக்கிடுங்க" என்று சொல்லி, ரெண்டுமே போய்விட்டால் போனது போனதுதான்.

பதில் சொல்வதற்கு முன் ஒரே ஒரு விஷயம் தெரிய வேண்டும். அது நிஜமாகவே ரெண்டு ஃபோல்டரா, இல்லை ஒரே ஃபோல்டருக்கு ரெண்டு வழியா? அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள். (கட்டளைகளையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். வாய்விட்டுப் படித்தால் எந்த விசையைத் தட்டுவது என்று தெரிந்துவிடும்.)

பெயர் வேறு, ஆள் வேறு

யுனிக்ஸ் வழியில் வந்த லினக்ஸ், மேக், ஆண்ட்ராய்டு எல்லாவற்றிலும் ஃபோல்டர் என்பது ஒரு பட்டியல்தான். பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேடு மாதிரி. ஒரு பக்கம் பெயர், எதிரே ஒரு எண். அந்த எண்ணை ஐநோடு எண் என்பார்கள். கோப்பின் அளவு, யாருடையது, எப்போது மாற்றப்பட்டது, உள்ளே இருக்கும் சமாச்சாரம் டிஸ்க்கில் எங்கே கிடக்கிறது, எல்லாம் அந்த எண்ணின் கீழே இருக்கும். ஒன்று மட்டும் அங்கே இருக்காது. பெயர்! அது பட்டியலில் மட்டும்தான்.

அப்படியென்றால் ஒரே எண்ணுக்கு எதிரே ரெண்டு பெயர் எழுதலாமா? தாராளமாக. வீட்டில் ராசு, சர்டிபிகேட்டில் ராஜசேகரன். இதற்குத்தான் ஹார்டு லிங்க் என்று பெயர். ரெண்டில் எது அசல், எது நகல் என்ற கேள்விக்கே இடமில்லை. ஆள் ஒருத்தர்தான். 'எல்எஸ் -எல்' கொடுத்தால் ரெண்டாவது பத்தியில் ஒரு சின்ன எண் வருமே, பல பேர் கவனிக்காமல் தாண்டிப் போவது, அதுதான் அந்த ஐநோடுக்கு எத்தனை பெயர் என்ற கணக்கு. கோப்பை அழிக்கும்போது உண்மையில் நடப்பது பட்டியலிலிருந்து ஒரு பெயரை அடிப்பது. அந்த வேலையைச் செய்யும் அழைப்புக்கே அன்லிங்க் என்றுதான் பெயர். கணக்கு பூஜ்யமாகி, எந்த நிரலும் அதைத் திறந்து வைத்திருக்கவில்லை என்றால்தான் இடம் காலியாகும்.

இதெல்லாம் கோப்புகளுக்கு. ஃபோல்டருக்கு இப்படி ரெண்டாவது பெயர் வைக்க லினக்ஸ் விடாது. ஆனால் தனக்கென்று இதே வித்தையை அது செய்துகொள்கிறது. புதிதாக ஒரு காலி ஃபோல்டர் போட்டு அதன் கணக்கைப் பாருங்கள். ஈஎக்ஸ்டி4 போன்ற கோப்பு அமைப்புகளில் 2 என்று காட்டும். ஒன்று, மேலே உள்ள ஃபோல்டரில் எழுதிய பெயர். இன்னொன்று, அதற்குள்ளேயே தன்னைக் குறிக்க இருக்கும் ஒற்றைப் புள்ளி. உள்ளே ஒரு துணை ஃபோல்டர் போட்டால் 3 ஆகும், ஏனென்றால் குழந்தையின் இரட்டைப் புள்ளி அப்பாவைக் குறிக்கிறது.

நமக்கு ஏன் அனுமதி இல்லை? அந்த இரட்டைப் புள்ளியால்தான். ஒரு ஃபோல்டருக்கு ரெண்டு அப்பா வந்துவிட்டால் இரட்டைப் புள்ளி யாரைக் காட்டும்? அது போகட்டும், பேரனுக்குள்ளே தாத்தாவைக் கொண்டுபோய் வைத்தால் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். வெளியிலிருந்து வரும் பெயரை அழித்தாலும், உள்ளுக்குள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு கணக்கு பூஜ்யமே ஆகாது. ஆப்பிள் மட்டும் துணிந்து 2007இல் வந்த லெப்பர்டில் டைம் மெஷினுக்காக ஃபோல்டர்களுக்கும் ஹார்டு லிங்க் வைத்தது. பிறகு வந்த ஏபிஎஃப்எஸ் கோப்பு அமைப்பில் அந்த வசதியையே எடுத்துவிட்டார்கள்.

கதவில் ஒட்டிய சீட்டு

அப்போ நாம் பார்க்கும் 'லிங்க் பண்ணின ஃபோல்டர்' எல்லாம் என்ன? பெரும்பாலும் சிம்பாலிக் லிங்க். 1983இல் 4.2 பிஎஸ்டி யுனிக்ஸோடு பரவலானது. நம்மூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் பூட்டின ஷட்டரில் ஒரு போர்டு தொங்கும்: 'எங்கள் கடை எதிர்ப்புறம் மாற்றப்பட்டுள்ளது'. சிம்லிங்க் அச்சு அசலாக அதுதான். போர்டைக் கழற்றினால் கடைக்கு ஒன்றும் ஆகாது. கடையை இடித்தால் போர்டு பாட்டுக்குத் தொங்கிக்கொண்டிருக்கும். கடையே இல்லாத இடத்தைக் காட்டியும் போர்டு மாட்டலாம், யாரும் கேட்க மாட்டார்கள். வேறு டிஸ்க்கையும் காட்டலாம். ஹார்டு லிங்க்கால் அது முடியாது, ஐநோடு எண் அந்தந்தக் கோப்பு அமைப்புக்குள் மட்டும்தான் செல்லும்.

அந்தப் போர்டில் இருப்பது வெறும் ஒரு வரி எழுத்து. அதனால் சிம்லிங்க்கின் அளவு, அது காட்டும் பாதையின் நீளம்தான். 10 ஆங்கில எழுத்து என்றால் 10 பைட். தமிழில் ஃபோல்டருக்குப் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு கொசுறு: யூடிஎஃப்-8இல் 'அம்மா' என்பது 15 பைட். அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்து குறியீடுகள், ஒவ்வொன்றும் 3 பைட்.

விண்டோஸ்காரர்களே, உங்களுக்கும் உண்டு. டெஸ்க்டாப்பில் அம்புக்குறியோடு இருக்கும் ஷார்ட்கட் இதில் சேராது. அது எக்ஸ்புளோரருக்குப் புரிகிற ஒரு சாதாரணக் கோப்பு, அவ்வளவுதான். நிஜமான லிங்க், விண்டோஸ் 2000இல் ஜங்ஷன் என்ற பெயரில் வந்தது. 2007இல் விஸ்டா கடைக்கு வந்தபோது சிம்பாலிக் லிங்க்கும், அதை உருவாக்க 'எம்கேலிங்க்' கட்டளையும் சேர்ந்தன. எக்ஸ்பி காலத்தில் ஜங்ஷன் பெரிய கண்ணிவெடி. எக்ஸ்புளோரரில் பார்க்க மற்ற ஃபோல்டர் மாதிரியே இருக்கும், ஷிப்ட்-டெலிட் அடித்தால் போர்டோடு சேர்த்துக் கடைச் சரக்கையும் அழித்துவிடும். விஸ்டாவிலிருந்து எக்ஸ்புளோரர் திருந்திவிட்டது.

லினக்ஸில் இன்னொரு தினுசும் உண்டு. பைண்ட் மவுன்ட். இது போர்டு இல்லை, சுவரை உடைத்து அதே அறைக்கு ரெண்டாவது கதவு வைப்பது. அம்புக்குறி காட்டாது, சிம்லிங்க் சோதனையில் மாட்டாது. 'ஃபைண்ட்எம்என்டி' என்று தட்டினால் வரும் பட்டியலில்தான் தெரியும்.

18 பைட்

புனேயில் நான் குடியிருந்த கட்டடத்தில், மேல் மாடியில் ரயில்வேயிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் இருந்தார். எல்லாருக்கும் அவர் காகா. (மராத்தியில் சித்தப்பா, பெரியப்பா எல்லாம் காகாதான். ஊருக்குப் புதுசில் எனக்கும் சிரிப்பு வந்தது.) மனைவி இறந்த பிறகு, பழைய நெகட்டிவ்களை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்வதை வேலையாக வைத்துக்கொண்டார். ரெண்டு வருஷம், கிட்டத்தட்ட 4,000 படம். கல்யாணத்திலிருந்து கடைசி தீபாவளி வரை.

அவர் கம்ப்யூட்டரில் லினக்ஸ். சின்ன எஸ்எஸ்டி ஒன்று, பெரிய ஹார்டு டிஸ்க் ஒன்று. படங்கள் பெருகி எஸ்எஸ்டியில் இடம் போதாமல் போனபோது, இன்ஜினியரிங் படிக்கும் அண்ணன் பேரன் வந்து, படங்களைப் பெரிய டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு, பழைய இடத்தில் அதே பெயரில் ஒரு சிம்லிங்க் போட்டுக் கொடுத்தான். காகாவுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அதே ஃபோல்டர், அதே படங்கள். வேலை சுத்தம்.

அதற்கு முன்பே வேறொரு உறவினர், வாரம் ஒரு முறை அவருடைய ஹோம் ஃபோல்டர் முழுவதையும் 'டார்' கட்டி ஒரு பென் டிரைவில் போடும்படி செய்துவைத்திருந்தார். அதுவும் சுத்தமான வேலை. ஞாயிறு ராத்திரி தவறாமல் ஓடியது. ஒரு நாள்கூடப் பிழைச் செய்தி வந்ததில்லை.

மழைக்காலத்தில் பெரிய டிஸ்க் 'டிக் டிக்' என்று சத்தம் போட்டுவிட்டுச் செத்தது. காகா பதறவில்லை. பேக்கப் இருக்கிறதே! அதை விரித்துக் கொடுக்கத்தான் என்னைக் கூப்பிட்டார்.

விரித்தேன். படங்கள் ஃபோல்டர் இருந்த இடத்தில் பெயர் மட்டும் சிவப்பாக வந்தது. 'எல்எஸ் -எல்' போட்டால் வரியின் முதல் எழுத்து 'எல்', கடைசியில் ஒரு அம்புக்குறி, அளவு 18. அம்பு காட்டிய இடம் '/மீடியா/டேட்டா/போட்டோஸ்'. ஆங்கிலத்தில் எழுதி எண்ணிப் பாருங்கள், சாய்கோடுகளோடு சேர்த்துச் சரியாக 18.

டார் பொய் சொல்லவில்லை. அது ஃபோல்டரைக் கட்டும்போது வழியில் சிம்லிங்க்கைப் பார்த்தால், காட்டும் இடத்துக்குப் போகாது, போர்டை மட்டும் பத்திரமாக எடுத்து வைக்கும். அதன் வழக்கம் அது. வாரா வாரம் அந்த 18 பைட்டைத்தான் பொக்கிஷமாகப் பாதுகாத்திருக்கிறது. பையன் செய்ததும் சரி, உறவினர் செய்ததும் சரி. ஒருத்தர் செய்தது இன்னொருத்தருக்குத் தெரியாது, அதுதான் விஷயம். படம் இடம் மாறிய வாரத்திலிருந்து பேக்கப்பின் அளவு பல ஜிபியிலிருந்து சில நூறு எம்பிக்குச் சரிந்திருந்தது. யார் அதையெல்லாம் பார்க்கிறார்கள்?

"பேட்டா, இந்தப் பதினெட்டுல ஒரு படம்கூடவா வராது?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

டிஸ்க் ரிப்பேர் கடைக்காரரும் கைவிரித்துவிட்டார். நெகட்டிவ் டப்பாவை மட்டும் காகா தூக்கிப் போடாமல் வைத்திருந்தார். அதில் ஒரு பகுதி ஈரம் ஏறி ஒட்டிக்கொண்டிருந்தது. மிச்சத்தைத் திரும்ப முதலிலிருந்து ஸ்கேன் பண்ண உட்கார்ந்தார், எழுபது தாண்டிய வயதில்.

பின்தொடர்வதா, வேண்டாமா

இந்த விவகாரத்தின் சாரத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம். அழிக்கும்போது லிங்க்கைப் பின்தொடர்ந்தால் நஷ்டம். நகலெடுக்கும்போது பின்தொடராவிட்டால் நஷ்டம்.

'நகலெடுக்கும் மென்பொருள் எல்லாம் எப்போதும் பின்தொடர வேண்டியதுதானே?' என்று தோன்றும். அதிலும் வில்லங்கம் இருக்கிறது. விஸ்டா முதல் விண்டோஸில், பழைய நிரல்களுக்காக, ஆப்டேட்டாவின் லோக்கல் ஃபோல்டருக்குள் 'அப்ளிகேஷன் டேட்டா' என்று ஒரு ஜங்ஷன் மறைந்திருக்கும். அது காட்டுவது அதே லோக்கல் ஃபோல்டரை. விவரமில்லாத பேக்கப் நிரல் உள்ளே போனால், அதற்குள்ளே அதுவே, அதற்குள்ளே அதுவே என்று ரெண்டு கண்ணாடிக்கு நடுவே நின்ற மாதிரி போய்க்கொண்டே இருக்கும். ரோபோகாப்பியில் '/எக்ஸ்ஜே' என்று ஒரு தேர்வு இருப்பதே ஜங்ஷன்களைத் தொடாமல் தாண்டிப் போகத்தான். லினக்ஸ் கெர்னல், ஒரு பாதையைத் தேடும்போது 40 சிம்லிங்க் வரை பார்த்துவிட்டு, போதும் சாமி என்று பிழை சொல்லி நிறுத்திவிடும்.

அதனால் ஒவ்வொரு கருவியும் தன் இஷ்டத்துக்கு ஒரு வழக்கம் வைத்திருக்கிறது. லினக்ஸில் அன்றாடம் புழங்குபவை மட்டும்:

டார் பின்தொடராது. 'ஹைஃபன் எச்' கொடுத்தால் பின்தொடரும்.

ஜிப் நேர் எதிர். பின்தொடரும். 'ஹைஃபன் ஒய்' கொடுத்தால் போர்டை மட்டும் எடுக்கும்.

ஆர்சிங்க், எல்லாரும் போடும் 'ஹைஃபன் ஏ'யோடு ஓடினால் போர்டை மட்டும் எடுக்கும். பெரிய எழுத்து 'எல்' சேர்த்தால் சரக்கை எடுக்கும்.

சிபி, 'ஹைஃபன் ஆர்' கொடுத்து ஃபோல்டரை நகலெடுத்தால், உள்ளே இருக்கும் சிம்லிங்க்குகளைச் சிம்லிங்க்காகவே வைக்கும்.

அழிப்பதில்: 'ஆர்எம்' கட்டளையில் லிங்க்கின் பெயரை மட்டும் கொடுத்தால் போர்டுதான் போகும். அதே பெயருக்குப் பின்னால் சாய்கோடும் நட்சத்திரமும் போட்டால் கடைச் சரக்கு போய்விடும். விண்டோஸிலும் இதே கதை. ஜங்ஷனை 'ஆர்டி' என்று நீக்கினால் லிங்க் மட்டும் போகும். 'டெல்' என்று கொடுத்தால் உள்ளே இருக்கும் கோப்புகள் போகும்.

எப்படிக் கண்டுபிடிப்பது

முதல் சோதனைக்குக் கட்டளை எதுவும் வேண்டாம், மொபைலிலும் செல்லும். சந்தேகமான ஃபோல்டர் ஒன்றில் 'சோதனை' என்று ஒரு காலிக் கோப்பை உருவாக்குங்கள். அடுத்த ஃபோல்டரில் அது தெரிகிறதா? தெரிந்தால் கையை எடுத்துவிடுங்கள். லிங்க்காக இருக்கலாம், இல்லை கிளவுடு ஏதாவது ரெண்டையும் ஒத்திசைத்துக்கொண்டிருக்கலாம். எதுவானாலும் ஒன்றில் அழித்தால் இன்னொன்றிலும் போகும்.

லினக்ஸ், மேக்: 'எல்எஸ் -எல்' வரியின் முதல் எழுத்து 'டி' என்றால் ஃபோல்டர், 'எல்' என்றால் சிம்லிங்க். ஒரு இடத்தின் கீழே உள்ள சிம்லிங்க் எல்லாவற்றையும் பட்டியலிட 'ஃபைண்ட் . -டைப் எல்'. கடை போய் போர்டு மட்டும் தொங்குபவை வேண்டுமென்றால், லினக்ஸில் அதே கட்டளையில் ஃபைண்டுக்கு அடுத்துப் பெரிய எழுத்து 'எல்'லை ஹைஃபனோடு சேருங்கள். நிஜ முகவரி தெரிய 'ரியல்பாத்'. நீங்கள் உள்ளே நின்றுகொண்டிருக்கும் ஃபோல்டரின் நிஜ முகவரிக்கு, 'பிடபிள்யூடி'யோடு ஹைஃபன் போட்டுப் பெரிய எழுத்து 'பி'.

ரெண்டு பாதை, ஆள் ஒருத்தர்தானா என்று உறுதியாகத் தெரிய, டிவைஸ் எண்ணும் ஐநோடு எண்ணும் ரெண்டும் ஒத்துப்போகிறதா பார்க்க வேண்டும். பாஷில் 'டெஸ்ட்' கட்டளையின் '-இஎஃப்' தேர்வு இதைத்தான் செய்கிறது. பைண்ட் மவுன்ட்டும் இதில் மாட்டிக்கொள்ளும்.

விண்டோஸ்: கமாண்ட் பிராம்ப்டில் 'டிர் /ஏஎல் /எஸ்'. கீழே உள்ள லிங்க் எல்லாம் வரிசையாக வரும், ஜங்ஷன் என்றோ சிம்லிங்க்டி என்றோ பெயரோடு, எங்கே போகிறது என்பதோடு.

ரெண்டாகத் தெரிவதெல்லாம் வீண் இல்லை

சில லிங்க்குகளை அமைப்பே வைத்திருக்கிறது. ஃபெடோரா 17 (2012) முதல் '/பின்' என்பது '/யுஎஸ்ஆர்/பின்'னைக் காட்டும் சிம்லிங்க்தான். டெபியன் 12 (2023) இதைக் கட்டாயமாகவே ஆக்கிவிட்டது. ஒரே நிரல் ரெண்டு இடத்தில் இருக்கிறதே என்று சுத்தம் செய்யக் கிளம்பினால் கணினி எழுந்திருக்காது. ஆண்ட்ராய்டில் '/எஸ்டிகார்டு' என்று தெரிவதும் ஒரு போர்டுதான். படங்கள் இருக்கும் இடம் அதுவும் '/ஸ்டோரேஜ்/எமுலேட்டட்/0'வும் ஒன்றே.

இதனால்தான் 'டூப்ளிகேட் கோப்புகளை நீக்கித் தருகிறோம்' என்று வரும் மென்பொருள்களைக் கண்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும். ஒரே கோப்பை ரெண்டு வழியில் பார்த்துவிட்டு 'அட, ரெண்டு இருக்கே' என்று ஒன்றை அழித்தால், இருந்த ஒன்றும் காலி. லினக்ஸின் எஃப்டூப்ஸ் இதைத் தன் கையேட்டிலேயே வெளிப்படையாக எச்சரிக்கிறது: ஒரே ஃபோல்டரை ரெண்டு முறை கொடுத்தால், ஒவ்வொரு கோப்பும் தனக்குத்தானே நகலாகத் தெரியும், தரவு போய்விடும் என்று. எச்சரிக்காத மென்பொருளை நம்பி ஃபோல்டரைக் கையில் கொடுக்காதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இன்று ராத்திரி உங்கள் பேக்கப்பை எடுத்து, மூலக் கணினியைத் தொடாமல், வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். பெயர்கள் இருக்கிறதா என்று பார்த்தால் போதாது. ஃபோல்டருக்குள் போய் ஏதாவது நாலு படத்தைத் திறந்து, முகம் தெரிகிறதா பாருங்கள். மொத்த அளவையும் ஒரு துண்டுச் சீட்டில் குறித்து வையுங்கள். அடுத்த மாதம் அந்த எண் திடீரென்று சுருங்கியிருந்தால், வேறு வேலையை விட்டுவிட்டு முதலில் அது ஏன் என்று பாருங்கள்.